மாடி வீட்டுக்கு வாஷிங் மெஷின் விக்கிறவங்க முதல்ல டேங்க் உயரத்தைக் கேளுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரையில வாஷிங் மெஷின் சர்வீஸ் பாக்குறவன், எந்த கம்பெனி ஆளும் கிடையாது, சொந்தமா டூல்ஸ் பையைத் தூக்கிக்கிட்டு வண்டியில போய் வீட்டு வேலை பாக்குறவன். இப்ப கொஞ்ச வருஷமா டிஷ்வாஷரும் பாக்குறேன். உங்க பேப்பர்ல தண்ணி பத்தி நிறைய வருது, குழாய் உடைஞ்சது, லாரி வரல, பெரியாறு தண்ணி எப்ப வரும்னு எல்லாம் படிக்கிறேன், ஆனா டேங்க் நிறைய தண்ணி இருந்தும் மாடி வீட்டு மெஷினுக்குள்ள தண்ணி ஏறாத பிரச்சனையைப் பத்தி யாரும் எழுதி நான் பாக்கல. அதனாலதான் எழுதுறேன். கடிதம் கொஞ்சம் நீளமாயிருச்சு, இடம் இல்லைன்னா வெட்டிப் போடுங்க, ஆனா கீழ எழுதியிருக்கிற அடிக்கணக்கை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துறாதீங்க ஐயா, மத்த எல்லாமே அதை வச்சுதான் இருக்கு.

எனக்கு வர்ற போன்ல பாதிக்கு மேல ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "தம்பி மெஷின் ஓடலப்பா, என்னமோ எழுத்து வந்து நிக்குது, பீப் பீப்னு கத்துது." எல்ஜி மெஷின்னா ஐஈ-ன்னு வரும், சாம்சங்னா 4சி இல்ல 4ஈ-ன்னு வரும், சில மெஷின்ல குழாய் படம் மினுக்கும். எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தான், நான் வால்வைத் திறந்து வச்சுக் காத்துக்கிட்டு இருந்தேன், சொன்ன நேரத்துக்குள்ள தண்ணி வந்து சேரலைங்குது மெஷின். மெஷின்ல கோளாறுன்னு அது சொல்லவே இல்லை. ஆனா வீட்டுல இருக்கறவங்களுக்கு அது எப்படித் தெரியும், நாப்பதாயிரம் குடுத்து வாங்குன சாமான் ஆறே மாசத்துல போச்சேன்னு கண்ணு கலங்கிப் போய் நிப்பாங்க. நான் முதல்ல கேக்குறது "எந்த மாடிக்கா?"ன்னுதான். மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீடுன்னு சொன்னாங்கன்னா ஸ்க்ரூ டிரைவரை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடியே பாதி புரிஞ்சுரும்.

கணக்கு ரொம்ப சுலபம். தண்ணி 10 மீட்டர் உயரத்துல இருந்து எறங்குனா கீழ ஒரு பார் பிரஷர் கிடைக்கும் (பார்ங்கறது பிரஷரை அளக்கற ஒரு அளவு), 10 மீட்டர்னா ஏறக்குறைய 33 அடி. மெஷினோட வர்ற புக்கைப் பாத்தீங்கன்னா கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல குறைஞ்சபட்ச தண்ணி பிரஷர் எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க. நிறைய ஃப்ரன்ட் லோடுல அது 0.05 மெகாபாஸ்கல், அதாவது அரை பார், அடியில சொன்னா 16 அடிக்கு மேல. சில மாடல் 0.1 கேக்கும், அது 33 அடி. 0.02 போதும்னு சொல்ற மாடலும் இருக்கு, அது ஆறரை அடி. டாப் லோடுல சிலது அதை விடவும் கம்மியில ஏறும். சரி, நம்ம ஊர் வீட்டை எடுத்துக்குவோம். ரூம் உயரம் பத்து அடி, மெஷின் குழாய் தரையில இருந்து நாலு அடியில, குழாய்ல இருந்து சீலிங்குக்கு ஆறு அடி, மேல காங்கிரீட் அரை அடி, அதுக்கு மேல ரெண்டு மூணு வரிசை செங்கல் அடுக்கி சின்டெக்ஸ் டேங்க். கூட்டிப் பாருங்க, டேங்க் அடிமட்டம் குழாய்ல இருந்து ஏழு ஏழரை அடிதான் வருது. கேக்குறது 16, இருக்கறது ஏழு. இதே டேங்க்ல இருந்து கீழ் வீட்டுக்குப் போற தண்ணிக்கு இன்னும் ஒரு தளம் உயரம் சேருது, பதினெட்டு அடி வந்துருது, அதனால கீழ இருக்கற ஹவுஸ் ஓனரம்மா வீட்டுல அதே கம்பெனி அதே மாடல் மெஷின் ஜம்முனு ஓடும், மேல வாடகைக்கு இருக்கற பொண்ணு "எனக்கு மட்டும் ஏன் இப்படி டூப்ளிகேட் மெஷினைக் குடுத்துட்டாங்க"ன்னு நினைக்கும். ஓனரம்மாகிட்ட பிரஷர் இல்லைன்னு சொன்னா அவங்களும் நம்ப மாட்டாங்க, அவங்க வீட்டுக் குழாயைத் திறந்தா பீறிட்டு வருதுல்ல.

இதுல ஒரு தப்பான நம்பிக்கை ஊர் பூரா இருக்கு. டேங்கைப் பெருசா போட்டா பிரஷர் ஏறும்னு. ஏறாது. ஐநூறு லிட்டர் டேங்கோ ரெண்டாயிரம் லிட்டர் டேங்கோ, தண்ணி மட்டம் எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கறதுதான் பிரஷர், அகலம் எவ்வளவு இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. அய்யர்பங்களா பக்கம் ஒரு வீட்டுல இதை நம்பி பழைய டேங்கைக் கழட்டிட்டு புதுசா பெரிய டேங்க் வாங்கி அதே செங்கல் மேல வச்சிருந்தாங்க. அந்தக் காசுல பாதி செலவழிச்சு மாடிப்படி கூண்டு மேல அதே பழைய டேங்கை ஏத்தியிருந்தா ஏழெட்டு அடி கூடியிருக்கும், மெஷின் ஓடியிருக்கும்.

வில்லாபுரத்துல ஒரு வீட்டைப் பத்திச் சொல்றேன், ஏன்னா இந்த மாதிரி வீடுகளை நினைச்சுத்தான் இந்தக் கடிதமே. ரெண்டாவது மாடி, கணவன் மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, கைக்குழந்தை வேற, கூட மாமியார். நான் போனப்ப அந்தப் பாட்டியம்மா பாத்ரூம்ல இருந்து மக்குல தண்ணி மொண்டு மொண்டு கொண்டுவந்து மெஷினோட பவுடர் டப்பாவை இழுத்து வச்சு அதுக்குள்ள ஊத்திக்கிட்டு இருந்தாங்க. முட்டி வலியோட. "இப்படி ஊத்துனாத்தான் தம்பி ஓடுது, இல்லைன்னா நின்னுருது"ன்னாங்க. டப்பாவை வெளிய உருவிப் பாத்தா அடியில சோப்புப் பவுடர் கரையாம ஈர சுண்ணாம்பு மாதிரி கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கு, கம்ஃபர்ட் ஊத்துற குழி நிறைய பழைய தண்ணி தேங்கி வாடை அடிக்குது. மேல இருந்து தண்ணி வேகமா விழுந்தாத்தான் பவுடரை அடிச்சுக்கிட்டு டிரம்முக்குள்ள போகும், அந்தக் கம்ஃபர்ட் குழியும் தண்ணி ஒரு மட்டத்துக்கு வெரசா ஏறுனாத்தான் தானா உறிஞ்சி எறங்கும், நூல் மாதிரி ஒழுகுனா ரெண்டுமே நடக்காது. துணி சரியா வெளுக்கல, குழந்தை துணியில பவுடர் ஒட்டி உடம்பு அரிக்குதுன்னு அந்தப் பொண்ணு சொன்னதுக்கும் இதுதான் காரணம். எனக்கு முன்னாடி வந்த ஆள் தண்ணியை உள்ள விடற இன்லெட் வால்வை மாத்தி, அப்புறம் எலக்ட்ரானிக் போர்டும் போயிருச்சுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. போர்டு நல்லாத்தான் இருந்துச்சு. குழாய்க்கு அடியில வாளியை வச்சுப் பாத்தேன், பத்து லிட்டர் ரொம்ப மூணு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. குழாயை முழுசாத் திறந்தா நிமிஷத்துக்கு எட்டு லிட்டர் வரணும்னு சில ஐரோப்பா கம்பெனி புக்லயே போட்டிருக்கான், அப்படின்னா பத்து லிட்டர் வாளி ஒண்ணேகால் நிமிஷத்துல ரொம்பணும். இந்த வாளி டெஸ்டுக்கு மெக்கானிக்கே தேவையில்ல, யார் வேணும்னாலும் போன்ல டைம் பாத்துச் செய்யலாம்.

இன்லெட் வால்வு மாத்துறதைப் பத்தி வெளிப்படையாச் சொல்லியே ஆகணும். மெஷினுக்குப் பின்னாடி ஓஸ் மாட்டுற இடத்துல இருக்கற வால்வுக்குள்ள ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கு. காயிலுக்குக் கரண்ட் வந்ததும் நடுவுல இருக்கற பொடி ஓட்டைதான் முதல்ல திறக்கும், அந்த டயஃப்ரத்தைத் தூக்கி வழி விடுறது தண்ணியோட பிரஷர். மூடும்போதும் அப்படித்தான், தண்ணி மேல இருந்து அமுக்குனாத்தான் ரப்பர் சரியா உக்காரும். பிரஷர் இல்லாத வீட்டுல அது பாதி திறக்கும், பாதி மூடும். அதனாலதான் சில வீட்டுல மெஷின் ஆஃப் பண்ணி வச்சிருக்கும்போதே காலையில பாத்தா டிரம்முக்குள்ள தண்ணி நிக்கும், சொட்டுச் சொட்டா ராத்திரி பூரா எறங்கியிருக்கும். இதைப் பாத்ததும் வால்வு லீக்குன்னு புது வால்வு போடுவாங்க, புது வால்வும் கொஞ்ச நாள்ல அதையே செய்யும், ஏன்னா குறை வால்வுல இல்லை, மொட்டை மாடியில இருக்கு. மெஷின் ஓடி முடிஞ்சதும் குழாயைக் கையால மூடிருங்க, அந்த சொட்டு நிக்கும். இன்னொரு விஷயம், சில மெக்கானிக் அந்த வால்வு வாயில இருக்கற சின்ன ரப்பர் ரிங்கை உருவி எடுத்துட்டு இப்ப தண்ணி நல்லா ஏறும்னு சொல்லிட்டுப் போவாங்க. ஏறத்தான் செய்யும். ஆனா அந்த ரிங்கு பிரஷர் கூடுனா தண்ணியை மட்டுப்படுத்தறதுக்குன்னு கம்பெனி வச்சது, நாளைக்கு நீங்க பம்ப் மாட்டுனீங்கன்னா பவுடர் டப்பா வழியா தண்ணி பொங்கி தரையெல்லாம் ஓடும். உருவுனா அதைத் தூக்கிப் போட்டுறாம வாங்கிப் பத்திரமா வச்சுக்குங்க.

அடுத்தது வலை. ஓஸைக் கழட்டுனா வால்வு வாயில நைஸான பிளாஸ்டிக் வலை ஒண்ணு தெரியும், குறடால மெதுவா இழுத்தா வந்துரும். போர் தண்ணி வீடுகள்ல அதை எடுத்துப் பாத்தா வெள்ளையா உப்பு படிஞ்சு, நடுவுல மணலும் டேங்க் பாசியும் சேந்து ஒரு பில்லை மாதிரி அடைச்சிருக்கும். எலுமிச்சம்பழச் சாறுலயோ வினிகர்லயோ ஊறப்போட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா புதுசாயிரும், அஞ்சு பைசா செலவில்லை. ஓஸோட மறுபக்கம், குழாய்ல மாட்டுற அடாப்டர் பக்கமும் சிலதுல இன்னொரு வலை இருக்கும், அதை எல்லாரும் மறந்துருவாங்க. கீழ் வீட்டுல வலை பாதி அடைச்சாலும் பிரஷர் தள்ளிவிட்டுரும், மேல் வீட்டுல கால்வாசி அடைச்சாலே மெஷின் நின்னுரும். இதுல கொடுமை என்னன்னா உப்புத் தண்ணின்னு பயமுறுத்தி குழாய்க்கும் ஓஸுக்கும் நடுவுல மாட்டுற ஒரு ஃபில்டரைத் தலையில கட்டிட்டுப் போறாங்க, மாடி வீட்டுக்கு அது ஆகவே ஆகாது, இருக்கற ஏழு அடி பிரஷர்ல ஒரு பங்கை அந்த ஃபில்டரே தின்னுரும், கார்ட்ரிட்ஜ் அழுக்கானா மிச்சமும் போச்சு. ரெண்டாவது மாடியில இருந்து தண்ணி ஏறலைன்னு போன் வந்தா நான் முதல்ல அந்த ஃபில்டரைக் கழட்டிட்டு நேரா மாட்டிப் பாப்பேன், நிறைய வீட்டுல அதோட வேலை முடிஞ்சது.

பைப் கதை தனி. டேங்க்ல ஒண்ணரை இஞ்சுல ஆரம்பிச்சு, ஒரு இஞ்சாகி, முக்காலாகி, கடைசியில அரை இஞ்சுல வந்து முடியுது. ஒரு இஞ்சு பைப்பை அரை இஞ்சாக்குனா தண்ணி பாதி வரும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, அதே உயரத்துக்கு ஆறுல ஒரு பங்குதான் வரும். அதுலயும் பழைய ஜிஐ பைப்பா, அதான் துத்தநாகம் பூசின இரும்பு பைப்பா இருந்தா உள்ள துருவும் உப்பும் சேந்து பென்சில் நுழையற அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும், செல்லூர்ல ஒரு பழைய வீட்டுல அறுத்து எடுத்த துண்டை நான் கடையில வச்சிருக்கேன், நம்பாதவங்களுக்குக் காட்டறதுக்கு. அப்புறம் மொட்டை மாடி தரையில போற பைப், ஒரு இடத்துல செங்கல் மேல ஏறி இன்னொரு இடத்துல எறங்கி ஒட்டகம் மாதிரி போச்சுன்னா அந்த மேட்டுல காத்து அடைச்சுக்கும், கீழ் வீட்டுக்குத் தள்ளிவிடற பலம் இருக்கும், மேல் வீட்டுக்கு இருக்காது. டேங்க் அவுட்லெட் பக்கத்துல மேல் நோக்கி காத்து வெளிய போறதுக்கு ஒரு வென்ட் பைப் விடாம விட்டா இது வர வாய்ப்பு அதிகம். எல்லாத்தையும் விட பெரிய தப்பு, ஒரே எறக்கு பைப்பை எல்லா தளத்துக்கும் போடறது. கீழ் வீட்டுல ஷவரைத் திறந்தா மேல் வீட்டு மெஷினுக்குப் போற தண்ணி அப்படியே நின்னுரும், சில சமயம் குழாய் காத்தை உள்ள இழுக்கற சத்தம்கூடக் கேக்கும். மேல் தளத்துக்கு டேங்க்ல இருந்தே தனியா ஒரு லைன், முடிஞ்சா மெஷினுக்குன்னே ஒரு இஞ்சுல நேரா ஒரு லைன், கடைசியில மட்டும் அரை இஞ்சு. வீடு கட்டும்போது இதுக்கு ஆகுற செலவு ஒண்ணுமே இல்லை, கட்டுன பிறகு சுவரை ஒடைக்கணும்.

வாடகை வீட்டுல இருக்கறவங்க சுவரை ஒடைக்க முடியாது, டேங்கையும் ஏத்த முடியாது, அவங்களுக்குக் காசில்லாம செய்யற வழி சிலது சொல்றேன். மோட்டார் போட்டு டேங்க் நிறைஞ்ச உடனே மெஷினைப் போடுங்க. ஆயிரம் லிட்டர் டேங்க் நாலு அடி உயரம் இருக்கும், அடியில கிடக்கற தண்ணிக்கும் தளும்ப நிக்கற தண்ணிக்கும் அந்த நாலு அடி வித்தியாசம், ஏழு அடி உள்ள வீட்டுக்கு அது பதினொண்ணு ஆகுது, சாதாரண விஷயம் இல்லை. மத்த குழாய் எல்லாம் மூடியிருக்கற நேரமாப் பாத்துப் போடுங்க, காலை ஏழு மணிக்குப் போட்டா நிச்சயம் நிக்கும். பவுடரை டப்பாவுல கொட்டாதீங்க, லிக்விட் ஊத்துங்க, இல்லைன்னா பவுடரை ஒரு மக்கு தண்ணியில கரைச்சு ஊத்துங்க. நீளமான ஓஸ் போட்டு பக்கத்து ரூம்ல இருந்து இழுக்காதீங்க. நின்னு போனா கொஞ்சம் கொஞ்சமா டப்பா வழியா தண்ணி ஊத்தலாம், தப்பில்லை, நிறைய மெஷின் டிரம்ல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னுதான் பாக்குது, குழாய்ல வந்ததா மக்குல வந்ததான்னு அதுக்குத் தெரியாது, போதுமான மட்டம் வந்ததும் தானா ஓடும். ஆனா ஒவ்வொரு அலசலுக்கும் பக்கத்துல நின்னு ஊத்தணும், பிறகு ஆட்டோமேட்டிக் எதுக்குங்கறது அந்தப் பாட்டியம்மா கேட்ட கேள்வி, நியாயமான கேள்வி. இன்னும் மெஷின் வாங்காதவங்களா இருந்தா, பிரஷர் இல்லாத வாடகை வீடுன்னா, செமி ஆட்டோமேட்டிக் வாங்கறதுல ஒரு அவமானமும் இல்லை. வாளியால ஊத்துனாலும் ஓடும், வீடு மாறுனாலும் ஓடும்.

பிரஷர் பம்ப் போடலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. போடலாம், ஆனா பெருசா வேண்டாம். ஒரு பார் கூட்டிக் குடுத்தாலே டேங்கை 33 அடி தூக்கி வச்ச மாதிரி, மெஷினுக்கு அது தாராளம். தேவைக்கு மேல வாங்குனா பழைய பைப் ஜாயின்ட்ல எல்லாம் கசியும், அந்தச் செலவு தனி. மொட்டை மாடியில டேங்க் பக்கத்துலயே, வெயில் மழை படாம ஒரு மூடி போட்டு மாட்டணும். கடையில ஃப்ளோ ஸ்விட்ச் வச்ச பம்பைக் குடுப்பாங்க, அது ஸ்டார்ட் ஆகணும்னாலே கொஞ்சம் தண்ணி தானா ஓடணும், மேல் வீட்டுல அந்த ஓட்டமே இல்லைன்னா பம்ப் சும்மாவே கிடக்கும், அப்படிப்பட்ட வீட்டுக்கு, குழாயைத் திறந்து பிரஷர் எறங்குனாலே ஓட ஆரம்பிக்கிற பிரஷர் ஸ்விட்ச் டைப் கேட்டு வாங்குங்க. பம்புக்குப் பக்கத்துல பம்பைச் சுத்திப் போற ஒரு பைபாஸ் லைன் விட்டு அதுல என்ஆர்வி, அதான் தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடற வால்வு, போடச் சொல்லுங்க, இல்லைன்னா கரண்ட் போனா வீட்டுக்கே தண்ணி சரியா வராது. அந்த என்ஆர்வியும் ஸ்பிரிங் வச்சது வேண்டாம், அது திறக்கறதுக்கே பிரஷர் கேக்கும், ஸ்விங் டைப் போடணும். பிளம்பர் இதெல்லாம் எதுக்குன்னு முணுமுணுப்பாரு, விடாதீங்க.

இன்னொண்ணு கெஞ்சிக் கேக்குறேன், மாநகராட்சி குழாய்ல நேரா மோட்டார் மாட்டாதீங்க. சட்டப்படி தப்பு, பிடிச்சா மோட்டாரை எடுத்துட்டுப் போவாங்க, கனெக்‌ஷனைத் துண்டிப்பாங்க, அது ஒரு பக்கம். மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள்ள பிரஷர் செத்துப்போயி, எங்கயாவது விரிசல் இருந்தா அங்க இருக்கற சாக்கடைத் தண்ணியை உள்ள இழுத்துரும், உங்க வீட்டுக்கு மட்டும் இல்லை தெருவுக்கே. கடைசி வீட்டுக்காரங்களுக்குச் சொட்டுத் தண்ணி போகாது. பொதுப்பணித்துறையில இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார் வீட்டுக்கு வேலைக்குப் போனப்ப அவர் சொன்னாரு, மத்திய அரசோட 1999-ம் வருஷத்துக் குடிநீர் கையேட்டுல தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்குத் தெருக்குழாய்ல 7 மீட்டர், ரெண்டு தளம்னா 12, மூணு தளம்னா 17 மீட்டர் பிரஷர் இருக்கணும்னு சொல்லியிருந்துச்சாம். அப்படி நாள் முழுக்க வந்தா நமக்கு டேங்கே வேண்டாம். நம்ம ஊர்ல தண்ணி விடற நேரத்துக்குத் தொட்டியில பிடிச்சு மேல ஏத்திக்கிறோம், அதனால மெஷினுக்குப் பிரஷர் குடுக்கறது நம்ம வீட்டு மொட்டை மாடிதான், வேற யாரும் இல்லை.

டிஷ்வாஷர் வாங்குனவங்க ஒரு பயத்துல இருக்காங்க, தண்ணி பிரஷர் இல்லைன்னா பாத்திரம் விளங்காதுன்னு. அது அப்படி இல்லை. உள்ள பீச்சி அடிக்கிற வேகம் மெஷினோட சொந்த மோட்டார் குடுக்கறது, நம்ம குழாய்க்கு அதுல வேலையில்லை, நம்ம குழாய் உள்ள தண்ணி ரொப்பறதுக்கு மட்டும்தான். தண்ணியும் கொஞ்சமாத்தான் எடுக்கும். ஆனா ரொப்பறதுக்குன்னு அதுக்கும் ஒரு குறைஞ்சபட்ச பிரஷர் புக்ல போட்டிருப்பான், அதே வலை அதுலயும் இருக்கு, அதே அடிக்கணக்குதான்.

இப்ப நான் கேக்குறதுக்கு வர்றேன். மெஷின் மேல ஸ்டார் லேபிள் ஒட்டுறாங்க, கரண்ட் எவ்வளவு ஆகும்னு கடையிலயே தெரியுது, நல்ல விஷயம். அதே இடத்துல "தண்ணி டேங்க் குழாயை விட குறைஞ்சது இத்தனை அடி உயரத்துல இருக்கணும்"னு தமிழ்ல பெருசா ஒரு வரி ஒட்ட வையுங்க. மெகாபாஸ்கல்னு கடைசிப் பக்கத்துல போட்டா எந்த வீட்டுல படிக்கப் போறாங்க, எனக்கே இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் அது என்னன்னு தெரியும். அடியில போட்டா டேப்பை வச்சு ஸ்கூல் பையன்கூட அளந்துருவான். கடைக்காரங்க இஎம்ஐ போடறதுக்கு ஆதார், பேன், பேங்க் புக் எல்லாம் கேக்குறீங்கள்ல, கூடவே "எந்த மாடி, டேங்க் எங்க இருக்கு, பம்ப் இருக்கா"ன்னு மூணு கேள்வி கேளுங்க. மாட்ட வர்ற பையன்கள்கிட்ட ஒரு வாளியைக் குடுத்து அனுப்புங்க, மெஷினைப் பெட்டியில இருந்து பிரிக்கறதுக்கு முன்னாடி குழாயைத் திறந்து டைம் பாக்கட்டும். பத்தலைன்னா அப்பவே கம்மி பிரஷர்ல ஏறுற மாடலா மாத்திக் குடுங்க, பிரிச்சு மாட்டுனதுக்கப்புறம் அதை யாரும் திருப்பி எடுக்கறதில்லை. இப்ப என்ன நடக்குதுன்னா கடையில கேட்டா கம்பெனியைக் கேளுங்கங்கறாங்க, கம்பெனிக்கு போன் போட்டா தண்ணி பிரஷர் குறைவு, வாரன்டியில வராதுன்னு விசிட் சார்ஜையும் வாங்கிட்டுப் போறாங்க, பிளம்பரைக் கூப்பிட்டா மெஷின்லதான் கோளாறுங்கறாரு. நடுவுல மாட்டிக்கிட்டு மாசாமாசம் தவணை கட்டிக்கிட்டு கையால துவைக்கறது அந்த வீட்டுப் பொம்பளைங்கதான்.

வீடு கட்டுற இன்ஜினியருங்களும் கொத்தனாருங்களும் மொட்டை மாடித் தரையில டேங்க் வைக்கிற பழக்கத்தை விடணும், படிக்கூண்டு மேல வைங்க, வெயிட் தாங்கற மாதிரி முதல்லயே பீம் போட்டு வைங்க, மேல் தளத்துக்குத் தனி லைன் விடுங்க. ஓனர்கள் வாடகைக்கு விடும்போது மேல் வீட்டுக் குழாயையும் ஒரு தடவை திறந்து பாத்துட்டு விடுங்க.

உங்க பேப்பர்ல தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயத்துல பக்கம் பக்கமா மெஷின் விளம்பரம் வருது ஐயா. அந்த வாரம் ஒரு ஓரத்துல இந்த அடிக்கணக்கையும் வாளி டெஸ்டையும் சின்னதா ஒரு பெட்டிச் செய்தியாப் போட்டீங்கன்னா வாங்கப் போறவங்க ஒரு தடவை மொட்டை மாடிக்குப் போய் அளந்துட்டுப் போவாங்க. எழுத்துல, கணக்குல ஏதாவது உதவி வேணும்னா நான் வந்து செஞ்சு குடுக்குறேன்.

இப்படிக்கு,
வாஷிங் மெஷின் மெக்கானிக் ஒருவர்,
மதுரை